ஒரே இழுப்பில் அவிழ வேண்டும்

(நாமக்கல்லில் கல்லூரி மாணவர்களுக்கான சாகச விளையாட்டுப் பாதுகாப்பு விழிப்புணர்வுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கடலே இல்லாத ஊர்ல உட்கார்ந்துக்கிட்டு கடல் விளையாட்டைப் பத்திப் பேசப் போறேன். "ஏனுங்க, எங்களுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இந்த அரங்கத்தில் இருக்கிற பல பேரோட போனில், இராமேஸ்வரம் பக்கம் பெரிய பட்டத்தைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் மேல் வழுக்கிச் செல்கிற வீடியோ ஒன்றாவது வந்திருக்கும். அதுதான் கைட் சர்ஃபிங். இங்கிருந்து மதுரை வழியாக ஒரு ராத்திரிப் பயணம். நாலு நண்பர்கள் சேர்ந்தால் வண்டி கிளம்பிவிடும். கிளம்புவதற்கு முன்பு தெரிந்துகொள்ள வேண்டிய ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் எங்கள் அப்புச்சி வீட்டுக் கட்டுத்தறியில் இருந்து ஆரம்பிக்கிறேன்.

சின்ன வயதில் லீவுக்கு இராசிபுரம் பக்கம் அப்புச்சி வீட்டுக்குப் போவேன். ஒரு நாள் நானே மாட்டைக் கட்டினேன். தும்பை முளைக்குச்சியில் நாலு சுத்து சுத்தி, முடிச்சு மேல முடிச்சாகப் போட்டேன். பெருமையாக அப்புச்சியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் அவிழ்த்தார். அவிழ்க்கவே ரெண்டு நிமிஷம் ஆனது. பிறகு ஒரு மடிப்பை உள்ளே சொருகி வேறு மாதிரி கட்டினார். "மாடு இழுத்துப் பார்க்கட்டும், அவுராது. நீ இந்த முனையைப் புடிச்சு இழு கண்ணு" என்றார். இழுத்தேன். சட்டென்று அவிழ்ந்தது.

"கட்டறது பெருசில்ல கண்ணு. கொட்டாய்ல தீ புடிச்சா ஒரே இழுப்புல அவுரணும். இருட்டுலயும் அவுரணும்."

நான் இன்றைக்குச் சொல்ல வந்த பாடம் முழுக்க அந்த ரெண்டு வரியில் இருக்கிறது. மிச்சமெல்லாம் விளக்கம்தான்.

பட்டம் எப்படி இழுக்கிறது?

கைட் சர்ஃபிங் பட்டம், நாம் ஆடி மாசக் காற்றில் விடுகிற காகிதப் பட்டம் மாதிரி இல்லை. அதன் முன்விளிம்பில் காற்றடைத்த குழாய் இருக்கும். தண்ணீரில் விழுந்தாலும் மிதக்கும், திரும்ப எழும்பும். இந்த வடிவத்துக்கு 1984-ல் காப்புரிமை வாங்கியவர்கள் பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த புருனோ, டொமினிக் லெகெஞ்ஞு என்ற சகோதரர்கள். 1990-களின் கடைசியில் இந்த விளையாட்டு உலகம் முழுக்கப் பரவியது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் முதல்முறையாக இடம்பெற்றது. போட்டி நடந்த இடம் மார்செய் கடற்கரை.

நம்ம மாநிலத்தில் இந்த விளையாட்டுக்கு இராமேஸ்வரமும் தூத்துக்குடியும் பெயர் பெற்ற இடங்கள். இராமேஸ்வரம் தீவுக்கு ஒரு பக்கம் பாக் நீரிணை, இன்னொரு பக்கம் மன்னார் வளைகுடா. தென்மேற்குப் பருவக் காற்று வீசும்போதும் விளையாடலாம், வடகிழக்குப் பருவக் காற்று வீசும்போதும் விளையாடலாம். இடுப்பளவு தண்ணீரே நிறைய தூரத்துக்கு இருக்கிற பகுதிகளும் உண்டு. அதனால் கற்றுக்கொள்ள வசதியான இடம்.

பட்டத்துக்கும் ஆளுக்கும் நடுவில் 20 மீட்டருக்கு மேல் நீளமான கயிறுகள் இருக்கும். பெரும்பாலும் நாலு கயிறு. அவை ஒரு கைப்பிடிக் கம்பியில் வந்து சேரும். இதை 'பார்' என்பார்கள். ஆனால் அந்த இழுவையைக் கையால் மட்டும் தாங்க முடியாது. அதனால் இடுப்பில் அகலமான பட்டை கட்டுவார்கள். இதுதான் ஹார்னஸ். அதன் முன்னால் ஒரு கொக்கி. பாரின் நடுவில் இருந்து வரும் ஒரு வளையம் இந்தக் கொக்கியில் மாட்டப்படும். அந்த வளையத்தின் பெயர் 'சிக்கன் லூப்'. நாமக்கல்லில் வந்து சிக்கன் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். நம்ம பண்ணைக் கோழிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை.

இப்போது கவனியுங்கள். பட்டத்தின் மொத்த இழுவையும் உங்கள் இடுப்புக்கு வந்துவிட்டது. கையை விட்டாலும் நீங்கள் பட்டத்தோடு கட்டப்பட்டவர்தான்.

காற்றின் கணக்கு ஒன்று இருக்கிறது. காற்றின் வேகம் ரெண்டு மடங்கானால் இழுவை ரெண்டு மடங்கு ஆவதில்லை, நாலு மடங்கு ஆகும். மணிக்கு 22 கிலோமீட்டர் வேகத்தில் சுகமாக இழுத்துக்கொண்டு போகிற பட்டம், 44 கிலோமீட்டர் சூறைக்காற்று வந்தால் நாலு மடங்கு பலத்தோடு இழுக்கும். அதே பட்டம் வானத்தில் குறுக்கே பாய்ந்தால் இழுவை இன்னும் கூடும். அந்த நேரத்தில் மனுஷ பலம் எடுபடாது.

அண்ணனுக்கு நடந்தது

என் சித்தப்பா பையன், எனக்கு அண்ணன் முறை. திருச்செங்கோட்டில் ரிக் வண்டி வேலையில் இருந்தவர். கனமான இரும்புக் குழாயைத் தூக்கிப் பழகிய கை. ஒரு லீவில் நண்பர்களோடு கடற்கரைக்குப் போனார். எந்த ஊர், யார் நடத்தியது என்பது இங்கே வேண்டாம். பணம் கட்டினார்கள், ஹார்னஸ் மாட்டினார்கள், பத்து நிமிஷம் கையைக் காட்டிக் காட்டிச் சொன்னார்கள், பட்டம் மேலே ஏறியது.

முதல் சில நிமிஷம் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு திடீரென்று ஒரு காற்று அடித்தது. அண்ணன் என்ன செய்தார் தெரியுமா? நீங்களும் நானும் செய்வதைத்தான் செய்தார். பாரை இறுக்கிப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தார்.

அங்கேதான் விபரீதம். இந்தப் பட்டத்தில் பாரை உடம்புப் பக்கம் இழுத்தால் இழுவை கூடும். விட்டால்தான் குறையும். மாடு மிரண்டால் கயிற்றை இறுக்கிப் பிடித்துப் பழகிய நம்ம கை, நேர் எதிராகச் செய்ய வேண்டும். அவர் இழுக்க இழுக்கப் பட்டம் இன்னும் வேகமாக இழுத்தது. முழங்கால் அளவு தண்ணீரில் முகம் குப்புறக் கொஞ்ச தூரம் போனார். பயிற்சியாளர் ஓடி வந்து வளையத்தைத் தள்ளி விடுவித்த பிறகுதான் நின்றார். தோள் மூட்டு விலகிவிட்டது. மாசக்கணக்கில் வேலைக்குப் போக முடியவில்லை. வீட்டில் கடன் ஆனது.

ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனபோது அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "இடுப்புக்கு முன்னாடி செவப்பா ஒண்ணு இருந்துச்சுடா தம்பி. அது எதுக்குன்னு காட்டுனாங்க. ஆனா ஒரு தடவ கூட என் கையால தொட வெக்கல."

அந்தச் சிவப்பு உறுப்புதான் குயிக் ரிலீஸ்.

மூன்று படிகள்

இன்றைய கருவிகளில் விடுபடுவதற்கு மூன்று படிகள் உண்டு. வரிசையை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: பாரை விட்டுவிடுவது. கையை எடுத்தால் பார் கயிறு வழியாக மேலே நகரும். பட்டம் காற்றைப் பிடிப்பது குறைந்து, இழுவை பெரும்பாலும் இறங்கிவிடும். பல நேரம் இதுவே போதும்.

இரண்டாம் படி: குயிக் ரிலீஸைத் திறப்பது. பாரை விட்ட பிறகும் இழுத்தால், சிக்கன் லூப்பின் மேல் இருக்கும் பிடியைத் திறக்க வேண்டும். இன்றைக்கு வரும் பெரும்பாலான கருவிகளில் அதை உடம்பில் இருந்து வெளிப்பக்கமாகத் தள்ளினால் வளையம் திறந்துகொள்ளும். பாரும் பட்டமும் உங்களை விட்டு விலகும். ஆனால் ஹார்னஸோடு இணைந்த 'லீஷ்' என்ற சின்னக் கயிறு, பட்டத்தின் ஒரே ஒரு கயிற்றை மட்டும் பிடித்திருக்கும். நாலு கயிற்றில் நின்ற பட்டம் ஒரு கயிற்றில் நிற்க முடியாது. துணி மாதிரி படபடத்துக் கீழே விழும்.

மூன்றாம் படி: லீஷையும் விடுவது. பட்டம் அடுத்தவர் கயிற்றில் சிக்கியிருந்தாலோ, படகு இழுத்தாலோ, ரெண்டாம் படிக்குப் பிறகும் இழுவை நிற்காவிட்டாலோ மட்டும் இது. லீஷுக்கும் தனியாக ஒரு குயிக் ரிலீஸ் இருக்கும்.

"எதுக்கு மூணு? முதல்லயே எல்லாத்தையும் விட்டா என்ன?" என்று கேட்கலாம். தனியாக விடப்பட்ட பட்டம், கயிறும் பாரும் தொங்க, காற்றுப் போகும் திசையில் பறந்து போகும். அங்கே குளிக்கிறவர்களுக்கும், வலை காய வைத்துக்கொண்டிருக்கும் மீனவர்களுக்கும் ஆபத்து. இன்னொன்று, ஆழமான தண்ணீரில் அந்தப் பட்டம்தான் உங்களுக்கு மிதவை. அதைப் பிடித்துக்கொண்டு உதவி வரும்வரை இருக்கலாம். அதனால் மூன்றாம் படி கடைசிக்குக் கடைசி. ஆனால் உயிருக்கு ஆபத்து என்றால் யோசிக்கவே கூடாது. பட்டம் போனால் காசோடு போகும்.

இந்த வசதிகள் சும்மா வந்துவிடவில்லை. ஆரம்ப காலக் கருவிகளில் முழுதாக விடுபடுவது இவ்வளவு எளிதாக இல்லை. 2002-ல் ஜெர்மனியின் ஃபேமார்ன் தீவில் நடந்த போட்டியின்போது, சில்கே கோர்ல்ட் என்ற இளம் வீராங்கனையின் பட்டம் இன்னொருவர் பட்டத்தோடு சிக்கிக்கொண்டது. அவர் இழுத்துச் செல்லப்பட்டு இறந்துபோனார். புதிதாக வந்தவர் இல்லை அவர், போட்டிகளில் கலந்துகொண்ட வீராங்கனை. இப்படிப்பட்ட இழப்புகளுக்குப் பிறகு கருவிகள் படிப்படியாக மாறின. 2020-ல் இந்த விடுவிப்பு அமைப்புக்கென்றே பாதுகாப்புத் தேவைகளையும் சோதனை முறைகளையும் வரையறுத்து ஐஎஸ்ஓ 21853 என்ற உலகத் தரநிலை வந்தது.

தரநிலை வந்தாச்சு, கருவி நல்லா இருக்கு. அப்புறம் ஏன் விபத்து? அண்ணன் மாட்டியிருந்த கருவியிலும் குயிக் ரிலீஸ் இருந்தது, வேலையும் செய்தது. பயிற்சியாளர் தள்ளியவுடனே திறந்ததே. அண்ணனுடைய கைக்குத்தான் அது தெரியவில்லை.

கைக்குத் தெரிய வேண்டும்

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு எனக்குப் பயமாகவும் இருந்தது, தெரிந்துகொள்ளணும் என்றும் இருந்தது. பிறகு இராமேஸ்வரம் பக்கம் போனபோது ஒரு பயிற்சி வகுப்பில் சேர்ந்தேன். முதல் ஒரு மணி நேரம் பட்டத்தைக் கண்ணிலேயே காட்டவில்லை. மணலில் நிற்க வைத்து ஹார்னஸ் மாட்டி, வளையத்தைக் கொக்கியில் போட்டு, எதிரில் ஒருவர் பாரைப் பிடித்து என்னை இழுத்தார். "இப்ப ரிலீஸ் பண்ணுங்க" என்றார். பண்ணினேன். "இப்ப கண்ண மூடிட்டுப் பண்ணுங்க" என்றார்.

என் கை வேறு எங்கோ போய்த் தடவியது. ஏனென்றால் இழுக்கும்போது ஹார்னஸ் இடுப்பில் இருந்து விலா எலும்பு வரைக்கும் ஏறிவிட்டது. நான் நினைத்த இடத்தில் ரிலீஸ் இல்லை. கடலில் முகத்தில் தண்ணீர் அடிக்கும்போது கண்ணால் பார்த்துத் தேட முடியாது. பத்து தடவை செய்த பிறகுதான் கை தானாகப் போனது. வலது கையில் பத்து, அப்புறம் இடது கையில் பத்து. ஒவ்வொரு தடவையும் திறந்ததைத் திரும்ப நானேதான் மாட்டணும். அரைகுறையாக மாட்டினால் நடுக்கடலில் தானாகத் திறந்துவிடும், அதுவும் ஆபத்துதான். மாட்டிய பிறகு ஒரு தடவை பலமாக இழுத்துப் பார்க்கச் சொன்னார்.

"இருட்டுலயும் அவுரணும்" என்று அப்புச்சி சொன்னது அந்த மணலில்தான் எனக்கு முழுசாகப் புரிந்தது.

இன்னொரு எதிரியும் இருக்கு, அது தயக்கம். "இன்னும் கொஞ்சம் சமாளிச்சிரலாம்", "எல்லாரும் பாக்கறாங்க", "கயிறு சிக்கினா மறுபடி கட்ட நேரமாகும்" என்று மனசு கணக்குப் போடும். அந்த ரெண்டு நொடியில் நீங்கள் மரத்தடியிலோ சுவரிலோ இருப்பீர்கள். அதனால் முடிவைக் கரையிலேயே எடுத்துவிடணும். பார் விட்டும் நிற்கவில்லையா, உடனே ரெண்டாம் படி. அங்கே யோசனைக்கு இடமில்லை. வீணாக ரிலீஸ் பண்ணிவிட்டால் நஷ்டம் அஞ்சு நிமிஷம்தான்.

பணம் கட்டும் முன் கேளுங்கள்

இந்தப் பகுதியை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கங்க.

1. "நீங்கள் சுற்றுலாத் துறையில் பதிவு செய்தவரா?" சாகசச் சுற்றுலா நடத்துபவர்கள் பதிவு செய்ய வேண்டும் என்பது நம் மாநிலச் சுற்றுலாத் துறையின் விதி. பதிவுச் சான்றைக் காட்டச் சொல்வது உங்கள் உரிமை.

2. "குயிக் ரிலீஸை நானே திறந்து மாட்டிப் பார்க்கலாமா?" காட்டினால் போதாது. உங்கள் கையால், இழுவை இருக்கும்போது, ரெண்டு கையாலும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். "அதெல்லாம் தேவைப்படாதுங்க" என்று பதில் வந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

3. "இன்றைக்கு இதைச் சோதித்தீர்களா?" உப்பும் மணலும் குயிக் ரிலீஸின் எதிரிகள். தினமும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். ஒவ்வொரு தடவையும் கடலில் இறங்கும் முன் திறந்து மூடிப் பார்க்க வேண்டும். நறநறவென்று சிக்கினால் அந்தக் கருவி வேண்டாம்.

4. "லீஷ் எங்கே மாட்டியிருக்கிறது?" புதிதாகக் கற்பவருக்கு அது முன்பக்கம், கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். முதுகுப் பக்கம் மாட்டுவது, வித்தை காட்டும் அனுபவசாலிகளுக்கானது.

5. "ஹெல்மெட், மிதவைச் சட்டை, கயிறு வெட்டும் கொக்கிக் கத்தி இருக்கிறதா?" மூன்றும் வேண்டும்.

6. "காற்று எந்தப் பக்கம் வீசுகிறது?" கரையில் இருந்து கடலுக்கு வீசும் காற்றில் புதியவர் இறங்கவே கூடாது. உங்களை உள்ளே கொண்டு போய்விடும். இடி, மின்னல் அறிகுறி இருந்தால் யாருமே பட்டம் ஏற்றக் கூடாது. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் 'மவுசம்' செயலியைக் காலையிலேயே திறந்து பார்த்துவிடுங்கள்.

இந்த எண்களையும் சேமித்துக்கொள்ளுங்கள். எந்த அவசரத்துக்கும் 112. ஆம்புலன்ஸுக்கு 108. கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093. இந்தியக் கடலோரக் காவல் படைக்கு 1554. பணம் வாங்கிக்கொண்டு சேவையில் குறை வைத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கடற்கரைக்குப் போகாதவர்களுக்கும்

இந்த அரங்கத்தில் பாதிப் பேர் கைட் சர்ஃபிங் போகவே மாட்டீர்கள். பரவாயில்லை. லாரி ஓடாத தெரு நம்ம ஊரில் கிடையாது. சீட் பெல்ட் பக்கிளில் சிவப்புப் பொத்தான் இருக்கிறது இல்லையா, அதுவும் குயிக் ரிலீஸ்தான். வண்டி கவிழ்ந்து தலைகீழாகக் கிடந்தாலும் ஒரு விரலால் திறப்பதற்காகச் செய்தது. பக்கிளுக்கு மேல் துணியைச் சுற்றி வைப்பது, அதன் மேல் சாமானை வைப்பது, அலாரம் அடிக்காமல் இருக்க வெறும் கிளிப்பை மாட்டி வைப்பது, இதெல்லாம் நான் பார்த்திருக்கிறேன். உயிரைப் பிடித்து வைப்பதும் அந்த பக்கிள்தான், தேவைப்படும்போது விடுவிப்பதும் அதுதான். உங்கள் வீட்டுப் பாட்டியும் குழந்தையும் அதைத் தாங்களாகவே திறக்கத் தெரிந்தவர்களா என்று ஒரு தடவை பாருங்கள்.

அடுப்படியில் கேஸ் ரெகுலேட்டரை யார் யாருக்கு மூடத் தெரியும்? நீங்கள் ஏறும் ஆம்னி பஸ்ஸில் அவசர வழி எந்தப் பக்கம்? அதைத் திறக்கும் பிடி எங்கே? இதையெல்லாம் தெரிந்துகொள்ள அஞ்சு நிமிஷம் போதும். ஆனால் ஆபத்து வந்த பிறகு அந்த அஞ்சு நிமிஷம் கிடைக்காது.

அண்ணன் இப்போது நலமாக இருக்கிறார். மறுபடி வேலைக்குப் போகிறார். இந்தக் கூட்டத்தில் பேசப் போகிறேன் என்று போனில் சொன்னபோது, "என் கதையச் சொல்லுடா. ஆனா பயப்படுத்தாத. போக வேணாம்னு சொல்லாத, தொட்டுப் பாத்துட்டுப் போகச் சொல்லு" என்றார்.

அதைத்தான் சொல்கிறேன். போங்க, நல்லா விளையாடுங்க. ஆனால் பட்டம் மேலே ஏறும் முன்னால், கண்ணை மூடி, ஒரு கையால், அதைத் திறந்து பார்த்துவிட்டுப் போங்க.